பரண்மேல் ஒரு பாதுகாப்பு வார்: எதைப் பார்த்து வாங்குவது?

மாணவர்களே, முதலில் ஒரு சின்னக் கணக்கு. 6 மீட்டர் உயரத்தில் ஒருவர் மரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கால் இடறி விழுகிறார். தரையைத் தொட எத்தனை நொடி ஆகும்?

மூன்று நொடி, நான்கு நொடி என்று பலர் சொல்வார்கள். சரியான விடை 1.1 நொடி. தரையைத் தொடும்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர். தோட்டச் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் வேகம் அது. ஆனால் இங்கே ஹெல்மெட்டும் இல்லை, பிரேக்கும் இல்லை.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்தப் பிரேக்கைப் பற்றித்தான். மரத்தின்மேல் பரண் கட்டி வேட்டைக்குக் காத்திருப்பவர்கள் அணிய வேண்டிய பாதுகாப்பு வார் அது. கடையில் 'ஹார்னஸ்' என்று கேட்க வேண்டும். பார்ப்பதற்கு நாலு பட்டையும் சில கொக்கிகளும் சேர்ந்த சாதாரணப் பொருள். ஆனால் படிவம் நான்கு இயற்பியல் பாடத்தின் பாதி அதற்குள் இருக்கிறது.

மரத்தில் ஏறுவது எதற்காக?

கெமாஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ரயில் சந்திப்பு. தும்பாட்டுக்குப் போகும் கிழக்குக்கரைத் தண்டவாளம் பிரிவது அங்கேதான். ஊரை விட்டு வெளியே வந்தால் செம்பனையும் ரப்பரும்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. தோட்டம் இருக்கும் இடத்தில் காட்டுப்பன்றியும் இருக்கும். இளஞ்செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்பதும், உதிர்ந்த பழங்களைப் பொறுக்குவதும், மரவள்ளிக் கிழங்குப் பாத்திகளை ஒரே இரவில் உழுதுவிடுவதும் அதன் வேலை.

இது வெறும் தோட்டத்துப் புலம்பல் அல்ல. நெகிரி செம்பிலானிலேயே உள்ள பாசோ வனக் காப்பகத்தில் காலன் இக்கிஸ் என்ற ஆய்வாளர் 1990களில் காட்டுப்பன்றிகளைக் கணக்கெடுத்தார். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1996இல் 47 பன்றிகளும் 1998இல் 27 பன்றிகளும் இருந்ததாக அவர் மதிப்பிட்டார். வெப்பமண்டலக் காடுகளில் இது மிக அதிகமான எண்ணிக்கை. அதற்கு அவர் காட்டிய காரணங்கள் இரண்டு: பன்றியைத் தின்னும் புலி போன்ற விலங்குகள் அருகிவிட்டன, காட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கிறது. குட்டி போட இளமரங்களை ஒடித்துக் கூடு கட்டும் பழக்கம் காட்டுப்பன்றிக்கு உண்டு. அதனால் காட்டின் இளமரங்களும் குறைகின்றன.

ஆக, வேட்டைக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் யார் வேண்டுமானாலும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, 'பெர்ஹிலித்தான்' என்று நாம் அழைக்கும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் உரிமம் வேண்டும். துப்பாக்கிக்குப் போலீஸ் துறையின் உரிமம் தனி. எனவே இது உங்களுக்கான வேலை அல்ல. உரிமம் பெற்ற பெரியவர்களின் வேலை. ஆனால் அந்தப் பெரியவர் உங்கள் அப்பாவாகவோ சித்தப்பாவாகவோ தாத்தாவாகவோ இருக்கலாம்.

பரணில் இருந்து சுடுவதில் சில வசதிகள் உண்டு. பன்றிக்கு மோப்ப சக்தி அதிகம். உயரத்தில் இருப்பவரின் வாடை அதன் மூக்குக்கு எளிதில் எட்டாது. மேலிருந்து பார்த்தால் புதருக்குப் பின்னால் நிற்பதும் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம், மேலிருந்து சுடும்போது குண்டு மண்ணை நோக்கிப் போகிறது; பக்கத்துத் தோட்டத்தில் நடந்து செல்பவரை நோக்கிப் போவதில்லை.

பரண் நமக்குப் புதிதும் அல்ல. தினைப்புனத்தில் கிளி விரட்டப் போட்ட காவல் பரணைச் சங்க இலக்கியம் 'இதணம்' என்று குறிக்கிறது. வட இந்தியாவில் அதற்கு 'மச்சான்' என்று பெயர். ருத்ரபிரயாகையில் மனிதர்களைத் தின்றுவந்த சிறுத்தையை ஜிம் கார்பெட் 1926 மே 2ஆம் தேதி சுட்டது, ஒரு மாமரத்தில் கட்டிய மச்சானில் உட்கார்ந்துதான்.

அந்தக் காலத்துப் பரண்களில் பாதுகாப்பு வார் கிடையாது. இரவெல்லாம் கண்விழித்து உட்கார்ந்திருப்பவருக்கு விடியற்காலையில் கண் சொருகும். கால் மரத்துப்போகும். மழையில் பலகை வழுக்கும். இறங்கும்போது கைப்பிடி தவறும். மான் வேட்டைக்குப் பரணைப் பெருமளவில் பயன்படுத்தும் அமெரிக்காவில், பரணிலிருந்து விழுவது வேட்டை விபத்துகளின் முதன்மைக் காரணங்களில் ஒன்று. துப்பாக்கியைப் பார்த்துப் பயப்படுகிறோம். ஏணியைப் பார்த்துப் பயப்படுவதில்லை!

கிளையைப் பிடித்துக்கொள்ள முடியாதா?

'விழுந்தால் என்ன, சட்டென்று கிளையைப் பிடித்துக்கொள்வேன்' என்று சொல்பவர்கள் உண்டு. இயற்பியல் என்ன சொல்கிறது?

எதிர்பாராத ஒன்று நடந்தால் மூளை அதை உணர்ந்து கைக்குக் கட்டளை அனுப்பவே ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். அதற்குள் உடல் 20 சென்டிமீட்டர் கீழே போய்விடும். கை நீண்டு கிளையைத் தேடுவதற்குள் அரை நொடி ஆகிவிட்டது என்று வையுங்கள். அப்போது நீங்கள் 1.2 மீட்டர் கீழே இருப்பீர்கள்; வேகம் நொடிக்கு 5 மீட்டர். பிடிக்க நினைத்த கிளை தலைக்கு மேலே போயிருக்கும்.

எனவே விழுந்த பிறகு யோசித்துச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. செய்ய வேண்டியதை ஏறுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம்?

விழும்போது உடலுக்கு வலி எதுவும் இல்லை. எலும்பை முறிப்பது விழுதல் அல்ல, திடீரென்று நிற்பது. விழும்போது சேர்ந்த ஆற்றல் முழுவதும் நிற்கும் அந்தச் சிறு தூரத்தில் செலவாக வேண்டும். தூரம் குறையக் குறைய விசை கூடும். பள்ளியில் 'டாயா இம்புல்ஸ்' என்று படிப்பீர்களே, அதே பாடம்தான் இது.

எண்களோடு பார்ப்போம். ஒருவர் தன் உடை, பை, தோட்டா எல்லாம் சேர்த்து 80 கிலோ. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால் அவருடைய எடை 800 நியூட்டன்.

முதல் நிலை: சாதாரண, நீளாத கயிற்றால் கட்டியிருக்கிறார். கயிறு தொய்வாக இருந்ததால் 1 மீட்டர் விழுகிறார். கயிறு இறுகி, 5 சென்டிமீட்டருக்குள் அவரை நிறுத்துகிறது. சராசரி விசை: 800 × 1.05 ÷ 0.05 = 16,800 நியூட்டன். அவருடைய எடையைப் போல 21 மடங்கு. ஒரு மைவி காரைத் தொங்கவிட்டால்கூட கயிறு அத்தனை விசையைத் தாங்க வேண்டியிருக்காது. இது உடலின்மேல் விழுகிறது.

இரண்டாம் நிலை: அதே கயிறு, ஆனால் தொய்வே இல்லாமல் கட்டியிருக்கிறார். 20 சென்டிமீட்டர்தான் விழுகிறார். விசை: 800 × 0.25 ÷ 0.05 = 4,000 நியூட்டன். தொய்வைக் குறைத்ததற்கே நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

மூன்றாம் நிலை: 1 மீட்டர் விழுகிறார், ஆனால் 50 சென்டிமீட்டர் தூரம் மெல்ல மெல்ல நீண்டு நிறுத்தும் வார். விசை: 800 × 1.5 ÷ 0.5 = 2,400 நியூட்டன். எடையைப் போல மூன்று மடங்குதான்.

மூன்றிலும் ஆள் ஒருவரே, மரமும் ஒன்றே. மாறியது இரண்டுதான்: எவ்வளவு தூரம் விழுந்தார், எவ்வளவு தூரத்தில் நின்றார். பாதுகாப்பு வார் வாங்கும்போது கேட்க வேண்டிய பெரும்பாலான கேள்விகள் இந்த இரண்டிலிருந்துதான் பிறக்கின்றன. (இவை சராசரி விசை. ஒரு கணத்தில் எழும் உச்ச விசை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.)

வீட்டில் செய்து பாருங்கள்

தேவையானவை: 250 மில்லிலிட்டர் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் போத்தல், தைக்கும் பருத்தி நூல், மெல்லிய ரப்பர் வளையம் நான்கு.

30 சென்டிமீட்டர் ஒற்றை நூலின் ஒரு முனையைப் போத்தலின் கழுத்திலும், மறு முனையை உயரமான கம்பியிலும் கட்டுங்கள். போத்தலை மெதுவாகத் தொங்கவிட்டால் நூல் தாங்கும். இப்போது போத்தலைக் கம்பி வரை தூக்கிப் பிடித்துக் கையை விடுங்கள். நூல் படக்கென்று அறும். (அறாவிட்டால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுங்கள்.)

அடுத்து, ரப்பர் வளையங்களை ஒன்றோடொன்று சங்கிலிபோல் கோத்து, நூலுக்கும் கம்பிக்கும் இடையில் இணையுங்கள். அதேபோல் தூக்கி விடுங்கள். போத்தல் கீழே போய் மேலே வரும், நூல் அறாது. கீழே ஒரு மீட்டருக்கு மேல் இடம் இருக்கட்டும். காலை ஒதுக்கி வையுங்கள்.

நூல் அதே நூல், எடை அதே எடை. நிற்க எடுத்துக்கொண்ட தூரம்தான் கூடியது.

அப்படியானால் ரப்பரிலேயே வார் செய்யலாமே?

ரப்பர் விளையும் நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? போத்தல் என்ன செய்தது என்று யோசியுங்கள். கீழே போனது, மறுபடி மேலே எகிறியது. ரப்பர் ஆற்றலை வாங்கிச் சேமித்துக்கொண்டு, அடுத்த கணமே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பரணிலிருந்து விழுந்தவர் மேலே எகிறினால் பலகையிலோ மரத்திலோ தலை மோதும்.

எனவே பாதுகாப்பு வாரில் இருப்பது ரப்பர் அல்ல, தையல். நீளமான பட்டை ஒன்றை மடித்து மடித்துத் தைத்து, சிறு பொட்டலமாக வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட விசை வந்ததும் அந்தத் தையல் ஒவ்வொரு வரிசையாகக் கிழியும். கிழியக் கிழியப் பட்டை நீளும். ஆற்றல் நூல்களைக் கிழிப்பதிலும் வெப்பமாகவும் செலவாகிவிடும், திரும்பி வராது. இதற்கு 'ஷாக் அப்சார்பர்', அதாவது அதிர்வு தாங்கி என்று பெயர். 80 கிலோ ஆளைக் காப்பாற்றுவதற்காகவே கிழியும்படி தைத்த துணி!

ஐரோப்பியத் தரம் 'ஈஎன் 355' அதிர்வு தாங்கிக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது: உடலுக்கு வரும் விசை 6,000 நியூட்டனைத் தாண்டக்கூடாது. ஒருமுறை கிழிந்தால் அதன் வேலை முடிந்தது. மறுபடி தைத்துப் பயன்படுத்தவே கூடாது.

இடுப்பு பெல்ட் போதாதா?

தோட்டத்தில் பலரிடம் இடுப்பு பெல்ட்தான் இருக்கிறது. 'தாத்தா காலத்தில் இடுப்பில் ஒரு கயிறுதான், அவர் விழவே இல்லையே' என்பார்கள். தமிழ்நாட்டுப் பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாரும், தோட்டத்துத் தென்னையில் கள் இறக்கியவர்கள் கட்டிய கயிறும் மரத்தில் பிடிமானம் தருவதற்காக ஏற்பட்டவை. விழுந்தவரை நிறுத்துவது வேறு வேலை.

இடுப்பில் மட்டும் பட்டை இருந்தால் விசை முழுவதும் வயிற்றைச் சுற்றி ஒரு கோட்டில் விழும். அங்கே எலும்புக் கவசம் இல்லை. கல்லீரல், மண்ணீரல், குடல் போன்ற மெல்லிய உறுப்புகள்தான் இருக்கின்றன. உடல் இரண்டாக மடங்கும், முதுகெலும்பு பாதிக்கப்படும். பெல்ட் மார்புக்கு ஏறினால் மூச்சுவிட முடியாது. தலைகீழானால் ஆளே நழுவி விழலாம். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள், கட்டுமானத் தளங்களில் விழுபவரை நிறுத்தும் கருவியாக இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்துவதை 1998 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டன.

முழு உடல் வாரில் பட்டைகள் இரு தொடை, இடுப்பெலும்பு, மார்பு, தோள் என்று சுற்றி வரும். விசை பரந்த இடத்தில் பிரிந்து, உடலின் வலுவான எலும்புகளும் பெரிய தசைகளும் உள்ள பகுதிகளுக்குப் போகும். மேல் முதுகில், இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள இணைப்பு, விழுந்தவரைத் தலை மேலே இருக்கும்படி தொங்கவைக்கும். 'ஈஎன் 361' தரத்தின்படி இந்த வார் 15,000 நியூட்டன் இழுவிசையை 3 நிமிடம் தாங்கிக் காட்ட வேண்டும்.

மலை ஏறுபவர்கள் இடுப்பும் தொடையும் மட்டும் சுற்றிய வார் அணிகிறார்களே என்று கேட்கலாம். அவர்களுடைய கயிறு தனிவகை. விழும்போது அதுவே கணிசமாக நீண்டு அதிர்வைத் தாங்கும். அந்த வாரை மட்டும் வாங்கி, லோரி இழுக்கும் கயிற்றோடு சேர்த்துக் கட்டினால் நாம் கணக்குப் போட்ட முதல் நிலைக்கே திரும்பிவிடுவோம்.

கடையில் எதைப் பார்ப்பது?

முதலில் தரக்குறி. பரண் வேட்டைக்கென்றே செய்த வார்களுக்கு 'ஏஎஸ்டிஎம் எஃப் 2337' என்ற அமெரிக்கச் சோதனை முறை உண்டு. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் கட்டுமானத் தொழிலாளர் வார்களில் 'ஈஎன் 361' போன்ற குறிகளைப் பார்க்கலாம். எந்தக் குறியும், தயாரித்த தேதியும் இல்லாத வாரை விலை மலிவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

இரண்டாவது எடை. சீட்டில் அதிகபட்ச எடை போட்டிருக்கும். சிலவற்றில் குறைந்தபட்ச எடையும் இருக்கும். உடல் எடையோடு பூட்ஸ், பை, விளக்கு, தண்ணீர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மிக ஒல்லியானவருக்கும் சிக்கல் உண்டு: குறைந்த எடைக்கு அதிர்வு தாங்கியின் தையல் போதுமான அளவு கிழியாமல் போகலாம்.

மூன்றாவது அளவு. அணிந்து பார்க்காமல் வாங்கக்கூடாது. தொடைப் பட்டைக்கும் தொடைக்கும் நடுவே விரித்த கை நுழைய வேண்டும். மூடிய முஷ்டி நுழையக்கூடாது. கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பார்க்க வேண்டும். அசௌகரியமான வார் இரண்டாம் நாளே வீட்டு ஆணியில் தொங்கும். ஆணியில் தொங்கும் வார் யாரையும் காப்பாற்றாது.

நான்காவது, பலர் தவறவிடுவது: இணைப்பு வாரின் நீளம். கட்டுமானத் தொழிலுக்கான இணைப்பு வார் பெரும்பாலும் 2 மீட்டர் வரை இருக்கும். அதிர்வு தாங்கி முழுதாகக் கிழிந்தால் இன்னும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீட்டர் நீளலாம். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். மூன்றையும் கூட்டினால் 5.25 மீட்டர். பரண் 4 மீட்டர் உயரத்தில் இருந்து, பலகைக்கு 1 மீட்டர் மேலே வாரைக் கட்டியிருந்தால், கட்டிய இடம் தரையிலிருந்து 5 மீட்டர்தான். வார் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். ஆனால் அதற்கு முன்பே கால் தரையில் மோதிவிடும்!

பரணுக்குக் குட்டையான இணைப்பு வார் வேண்டும். அதை மரத்தில் தலை உயரத்துக்கு மேலே கட்ட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது தொய்வு இருக்கக்கூடாது. தொய்வைக் குறைத்தால் விசை எவ்வளவு குறைகிறது என்பதை இரண்டாம் நிலைக் கணக்கில் பார்த்தோமே.

கட்டும் மரமும் முக்கியம். ரப்பர் மரம் பலத்த காற்றில் முறியக்கூடியது. உளுத்த மரமும் பட்ட மரமும் வேண்டவே வேண்டாம். கிளையில் கட்டாமல் உயிருள்ள, தடித்த அடிமரத்தைச் சுற்றிக் கட்ட வேண்டும். இடி மின்னல் வரும் அறிகுறி தெரிந்தால் எவ்வளவு நல்ல வார் அணிந்திருந்தாலும் இறங்கிவிட வேண்டும்.

தரையிலிருந்தே தொடங்க வேண்டும்

பரணில் உட்கார்ந்த பிறகுதான் வாரை மரத்தில் மாட்டுவது பலருடைய வழக்கம். ஆனால் விபத்துகளில் பல நடப்பது ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பலகைக்குக் காலை மாற்றும் அந்த ஒரு நொடியிலும்தான்.

இதற்கு எளிய தீர்வு உயிர்க்கயிறு. பரணுக்கு மேலே அடிமரத்தில் ஒரு கயிற்றைக் கட்டித் தரை வரை தொங்கவிடுவார்கள். அதன்மேல் சிறு கயிற்றால் ஒரு முடிச்சுப் போட்டு, அதில் வாரை மாட்டுவார்கள். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் அறிமுகப்படுத்திய முடிச்சு அது. அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கையால் தள்ளினால் முடிச்சு கயிற்றில் மேலும் கீழும் நகரும். எடை விழுந்தால் சுற்றுகள் கயிற்றை இறுகப் பிடித்து, உராய்வினால் அப்படியே நின்றுவிடும். ஏறும்போது முடிச்சை மேலே தள்ளிக்கொண்டே போகலாம். தரையை விட்டுக் கால் எடுத்ததிலிருந்து மறுபடி தரையில் கால் வைக்கும் வரை ஒரு நொடிகூட இணைப்பு இல்லாமல் இருக்காது.

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக்கூடாது. தோட்டாவை எடுத்துவிட்டுத் தரையில் வைத்து, மேலே போன பிறகு தனிக் கயிற்றால் தூக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு கையும் ஏணிக்கு வேண்டும்.

வார் காப்பாற்றிவிட்டது. பிறகு?

இங்கேதான் இயற்பியல் முடிந்து உயிரியல் தொடங்குகிறது. திங்கட்கிழமை காலைச் சபைக்கூடலில் நீண்ட நேரம் அசையாமல் நின்ற நண்பர் மயங்கி விழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். காலுக்கு இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுவது கால் தசைகளின் அசைவு. அசைவு இல்லாவிட்டால் இரத்தம் காலிலேயே தங்கும், மூளைக்குப் போவது குறையும், மயக்கம் வரும். விழுந்த நண்பர் படுத்த நிலைக்கு வந்ததும் இரத்தம் தலைக்குத் திரும்பிவிடும். ஒரு வகையில் அந்த மயக்கமே உடலின் தற்காப்பு.

வாரில் தொங்குபவருக்கு அந்த வசதி இல்லை. மயங்கினாலும் நிமிர்ந்த நிலையிலேயே தொங்குவார். தொடைப் பட்டைகளும் இரத்த ஓட்டத்தை அழுத்தும். சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகலாம். நேரம் கூடினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே நல்ல வாரோடு ஒரு கூடுதல் பட்டை வரும். தொங்கும்போது அதை விரித்து, காலுக்கு ஒரு மிதிபோல் ஆக்கி, அதில் ஏறி நின்று தொடையின் அழுத்தத்தைக் குறைக்கலாம். அது இல்லாவிட்டால் ஒரு கயிற்று வளையமாவது பையில் வேண்டும். மரத்தைக் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டே இருப்பதும் உதவும். கைப்பேசியும் விசிலும் தொங்கும்போதும் கைக்கு எட்டும் பையில் இருக்க வேண்டும். பரண் பலகையில் வைத்த கைப்பேசியால் பயனில்லை.

இதில் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. எந்தப் பகுதி, எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று எழுதி வாங்கிவையுங்கள். சொன்ன நேரம் கடந்து, அழைத்தாலும் பதில் இல்லை என்றால் காத்திருக்காமல் 999க்கு அழைக்க வேண்டும்.

எங்கே வைக்கக்கூடாது?

பாதுகாப்பு வார்கள் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர் இழையால் ஆனவை. இரண்டுக்கும் பொது எதிரி சூரியன். அதன் புறஊதாக் கதிர்கள் இழையின் நீண்ட மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக உடைக்கும். வெளுத்து, முறமுறப்பாகிவிட்ட பட்டை பழைய பலத்தோடு இருக்காது. எனவே வாரைப் பரணிலேயே விட்டுவிட்டு வருவதும், துணிக்கொடியில் வெயிலில் காயப்போடுவதும் தவறு. நனைந்தால் நிழலில் உலர்த்த வேண்டும்.

ரப்பர்த் தோட்டத்தில் இன்னொரு எதிரி உண்டு. பாலை உறையவைக்க நாம் ஊற்றும் பார்மிக் அமிலம்! ஆய்வுக்கூடத்தில் நைலானைக் கரைக்கப் பயன்படுத்தும் திரவங்களில் ஒன்று அதுதான். நீர் கலக்காத அடர் அமிலம் பட்டால் நைலான் இழை இளகிக் கரையும். ஒரு துளி பட்டுக் காய்ந்த இடம் கண்ணுக்குச் சிறு கறையாகத்தான் தெரியும். அந்த இடத்தில்தான் பட்டை அறும். ஆகவே அமிலப் போத்தல் இருக்கும் ஸ்டோரிலோ, அது வைத்த மோட்டார் சைக்கிள் கூடையிலோ வாரைப் போடவே கூடாது. பேட்டரி அமிலத்துக்கும் இதே விதிதான்.

உங்கள் வேலை: ஐந்து நிமிடச் சோதனை

வீட்டில் யாரிடமாவது பாதுகாப்பு வார் இருந்தால், அவர்களிடம் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் விரித்து வைத்துப் பாருங்கள். வேட்டைக்காரர் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கூரை வேலை, பெயின்ட் வேலை, டுரியான் மரம் ஏறுதல் எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

1. சீட்டு இருக்கிறதா? தயாரித்த தேதி, பயன்படுத்தும் காலம், எடை எல்லை ஆகியவற்றைப் படித்து ஒரு தாளில் எழுதுங்கள். காலம் கடந்திருந்தால் சொல்லுங்கள்.

2. பட்டையை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பாருங்கள். வெட்டு, பிசிறு, எரிந்த தடம், கறை, வெளுப்பு உண்டா?

3. ஒவ்வொரு தையலையும் பாருங்கள். ஒரு வரிசை பிரிந்திருந்தாலும் அந்த வாரை ஒதுக்க வேண்டும்.

4. கொக்கி தானாக மூடிக்கொள்கிறதா? துரு, வளைவு, விரிசல் இருக்கிறதா?

5. அதிர்வு தாங்கிப் பொட்டலம் பிரிந்திருக்கிறதா? இந்த வாரை அணிந்து யாராவது விழுந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். விழுந்திருந்தால் வெளியே சேதம் தெரியாவிட்டாலும் அதன் ஆயுள் முடிந்தது.

பழுதான வாரை வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி பட்டையை வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.

ஒரு நல்ல வாரின் விலையைக் கேட்டுப் பெரியவர்கள் தயங்கினால், நீங்கள் போட்ட கணக்கைக் காட்டுங்கள். நீளாத கயிற்றில் 16,800 நியூட்டன். நீளும் வாரில் 2,400 நியூட்டன். நடுவில் உள்ள வித்தியாசம், விடிந்ததும் அவர் தன் காலால் நடந்து வீடு திரும்புவதா இல்லையா என்பதுதான்.